ஒன்பது மணி ரீடிங்

அப்பா மீண்டும் டியூட்டிக்குப் போகத் தொடங்கியபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அனல்மின் நிலையம் ஒன்றில் பாய்லர் ஆபரேட்டராக வாழ்நாள் முழுக்க ஷிப்ட் பார்த்தவர். அம்மா போன பிறகு ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் நானும் அப்பாவும்தான்.

முதல்முறை நடந்ததை அன்றைய நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: காலை 5.10. அப்பா குளித்து, முழுக்கைச் சட்டை போட்டு, காலி டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். எங்கே என்று கேட்டேன். "ஏ ஷிப்ட்" என்றார். காலை ஷிப்டை அப்படித்தான் சொல்வார்.

இரண்டாவது வாரம் அவர் நான் பார்க்காத நேரத்தில் கிளம்பிப் போய் முசிறி பஸ்ஸில் ஏறிவிட்டார். சட்டைப்பையில் நான் என் எண்ணை எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்துக் கண்டக்டர் போன் செய்தார். "பெரியவர் ரொம்ப மரியாதையா பேசறாருங்க. பவர் ஹவுஸ் ஸ்டாப் வந்தா சொல்லுங்கன்னாரு. அப்படி ஒரு ஸ்டாப்பே இந்த ரூட்ல இல்லீங்களே" என்றார். அன்றைக்கே கதவுக்கு உள்பூட்டு வாங்கிப் போட்டேன். அப்பா விடிகாலையில் கதவை இரண்டு கையாலும் குத்தினார். விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. "என்னை ஆப்சென்ட் ஆக்கப் பாக்கறீங்க. அங்க ஒருத்தர் நைட்டு பூரா முழிச்சிட்டு எனக்காகக் காத்திட்டிருக்காரு. நான் போனாத்தான் அவர் வீட்டுக்குப் போக முடியும். மனுஷங்கதானே நீங்க?" என்று கத்தினார். கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்து கேட்டார்கள்.

தில்லை நகரில் அப்பாவின் மறதி நோய்க்கு மாத்திரை தந்துவந்த நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன்.

"அவரோட வாதாடாதீங்கம்மா. டியூட்டின்னு சொன்னா, சரி, டியூட்டின்னு விட்டுடுங்க" என்றார் அவர்.

"எங்க விடறது டாக்டர்?"

அவர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார்.

பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை ஏற்பாடு செய்தேன். அவர் ஒன்பது மணிக்குத்தான் வர முடியும். ஐந்திலிருந்து ஒன்பது வரை நான் சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், அப்பாவையும் பிடித்து வைக்க வேண்டும். திருவானைக்காவலில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது, அங்கே சேர்த்துவிடு என்று கணவர் போனில் சொன்னார். மாட்டேன் என்றேன். அப்பா என் வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த ஆண்டு எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு வந்த மகள் கூடத்து மேசையில் மடிக்கணினியை வைத்து ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு விண்வெளி நிலையம். பல ஊர்களிலிருந்து பலர் ஒரே நேரத்தில் அதற்குள் வந்து ஆளுக்கு ஒரு வேலை பார்ப்பார்கள். ஒருவர் சமையல், ஒருவர் மருத்துவர், ஒருவர் துப்புரவு. இவள் பொறியாளர். நிலையத்துக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் இவள் பொறுப்பு. அப்பா கேரியரோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"என்ன லோடும்மா?" என்று கேட்டார்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "லோடு இன்னும் வரல தாத்தா. இப்பத்தான் ஆரம்பிக்கறேன்" என்றாள்.

"டர்பைன் எங்க?"

"டர்பைன் கிடையாது தாத்தா. ஒரு பக்கம் சூடான வாயு சுத்தும், இன்னொரு பக்கம் குளிர்ந்த வாயு சுத்தும். நடுவுல இந்த ஜெனரேட்டர். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல இருந்து நேரா கரண்ட் வரும். தெர்மோஎலக்ட்ரிக்."

"டர்பைன் இல்லாம கரண்ட்டா? யாரும்மா உங்க சீஃப் இன்ஜினியர், பத்தாங்கிளாஸாவது பாஸ் பண்ணிருக்காரா?"

இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எரியறை எங்கே, எரிவாயு எந்தக் குழாயில் வருகிறது, குளிர்ந்த சுற்று எப்படிக் குளிர்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். குளிர்ந்த குழாய்கள் நிலையத்துக்கு வெளியே, வெறும் விண்வெளிக்குள் போய்விட்டுத் திரும்பின. "அது நல்ல ஏற்பாடு. நமக்கெல்லாம் கூலிங் டவர் கட்டி, தண்ணிக்கு ஆத்தை நம்பி உக்காந்திருந்தோம்" என்றார். திரையில் வெப்பம் கெல்வினில் வந்தது. அப்பா அதைக் கேட்டவுடன் இருநூற்று எழுபத்து மூன்றைக் கழித்து செல்சியஸில் சொன்னார். காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று அவருக்கு அப்போது நினைவிருக்காது.

மகள் எரியறையைப் பற்றவைக்கப் போனபோது அவள் கையைத் தட்டினார்.

"பர்ஜ் பண்ணினியா?"

"அப்படின்னா?"

"உள்ள பழைய வாயு தங்கியிருந்தா பத்தவைக்கும்போது வெடிக்கும். அஞ்சு நிமிஷம் வெளிய தள்ளு, அப்புறம் லைட்-அப். உன்னை யாரும்மா தனியா விட்டது?"

விளையாட்டில் அதற்கு அவசியமே இல்லை என்று மகள் பிறகு என்னிடம் சொன்னாள். ஆனால் அன்று ஐந்து நிமிடம் காத்திருந்தாள். அந்த ஐந்து நிமிடமும் அப்பா கதவுப் பக்கம் திரும்பவில்லை. நான் சமையலறையிலிருந்து அதைக் கவனித்தேன்.

மறுநாள் காலை நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். நேரம், சூடான சுற்று, குளிர்ந்த சுற்று, மின் அளவு, ஒப்படைத்தவர், ஏற்றவர். அப்பா அதை வாங்கிப் பார்த்து, "கோடு நேரா இருக்கு" என்றார். சின்ன வயதில் என் கணக்கு நோட்டைப் பார்த்தும் இதையேதான் சொல்வார்.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. அந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஷிப்ட் என்றுதான் சொல்கிறார்கள். ஷிப்ட் முடிந்தால் ஒரு விண்கலம் வரும். எல்லோரும் அதில் ஏறிப் போய்விடுவார்கள், நிலையம் அனாதையாக நிற்கும். அப்பா ஏற மறுத்தார்.

"தாத்தா, கப்பல் வந்தாச்சு. எல்லாரும் ஏறிட்டாங்க. வாங்க."

"ரிலீவர் வந்தாரா?"

"ரிலீவர்லாம் கிடையாது தாத்தா."

"அப்ப யூனிட்டை யாரு பாக்கறது, கப்பல்காரனோட மாமனாரா? ரிலீவர் வந்து, ரீடிங் பாத்து, கையெழுத்துப் போட்டாத்தான் சீட்டை விட்டு எந்திரிக்கலாம். ஒரு தடவை புயல்ல ரிலீவர் வரலை. ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். போகச் சொல்லு அவங்களை."

மற்ற ஆட்டக்காரர்கள் கப்பலில் இருந்தபடி கெஞ்சினார்கள், கிண்டல் செய்தார்கள். எந்த ஊர்க்காரரோ ஒருவர், அந்த இன்ஜினியருக்குக் கதவில் சாப்பாடு மாட்டிவிட்டு வந்தேன் என்று எழுதினார். மகள் சிரித்துச் சிரித்து எனக்கு மொழிபெயர்த்தாள். நானும் சிரித்தேன். கப்பல் போயிற்று. அப்பா தனியாக ஒரு காலி நிலையத்துக்கு மின்சாரம் தந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

கல்லூரிக்குத் திரும்புமுன் மகள் எங்களுக்கென்று தனி நிலையம் ஒன்றை என் மடிக்கணினியில் அமைத்துக் கொடுத்தாள். வெளியாட்கள் வர மாட்டார்கள், கப்பலும் வராது. அதன்பின் எங்கள் காலைகள் ஓர் ஒழுங்குக்கு வந்தன. 5.30க்கு அப்பா கேரியரோடு வந்து மேசையில் உட்காருவார். அவர் சொல்லச் சொல்ல நான் வால்வைத் திறப்பேன், பம்பை ஓட்டுவேன், பர்ஜ், லைட்-அப். ஆறு மணிக்குள் மின் அளவு நிலைக்கு வந்துவிடும். 6.15லிருந்து கால் மணிக்கு ஒரு தடவை அவர் ரீடிங் எழுதுவார். 8.45 வரை பதினொரு வரி. ஒன்பது மணிக்கு உதவிக்கு வரும் அம்மாள் வந்ததும், நான் ரிலீவராக அவர் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் எண்களைச் சொல்வார், நான் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொல்வேன், ஒன்பது மணி ரீடிங்கை எழுதிக் கையெழுத்திடுவேன். அவர் ஒப்படைத்தவர் கட்டத்தில் கையெழுத்திட்டு எழுந்திருப்பார். "குவார்ட்டர்ஸ் வண்டி நிக்குதுப்பா" என்று கையைப் பிடித்து அவர் அறைக்கு நடத்திப் போவேன். பதினொரு அடி. சாப்பிட்டுவிட்டு, ஷிப்ட் முடித்தவரைப் போலப் பகல் முழுக்கத் தூங்குவார்.

உதவிக்கு வரும் அம்மாளை ஒருநாள் ரிலீவராக நிறுத்திப் பார்த்தேன். "ஹெல்பர் ஆபரேட்டரை ரிலீவ் பண்ண முடியாதும்மா, தப்பா நினைக்காதீங்க" என்று அப்பா மறுத்துவிட்டார். நான் எப்படி ஆபரேட்டர் ஆனேன் என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. உள்பூட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். அன்று நாட்குறிப்பில், பூட்டுக்கு இனி வேலை இல்லை என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது வேகமாகப் புரட்டுகிறேன்.

அவர் தேறவில்லை. அதையும் எழுதியாக வேண்டும். மாசியில் என்னை, "நீங்க புதுசா ஜாயின் பண்ணிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எந்த ஊர்மா?" ஸ்ரீரங்கம் என்றேன். "என் பொண்ணும் அங்கதான் இருக்கு. லைப்ரரில வேலை. ரொம்ப ஒழுங்கு. பயமா இருக்கும் பாத்தா" என்றார். ஒருநாள் நான் தவறுதலாகக் குளிர்ந்த பக்கத்து வால்வை மூடிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே சூடாகி மின் அளவு பூச்சியத்துக்கு வந்தது. எரியறை எரிந்துகொண்டே இருந்தது. "சூடு இருந்தா மட்டும் போதாதும்மா. அந்தப் பக்கம் குளிர்ந்தாத்தான் இந்தப் பக்கச் சூட்டுக்கு வேலை" என்று பொறுமையாகச் சொல்லி, எந்த வால்வு என்று விரலால் காட்டினார். பெற்ற மகள் யாரென்று தெரியாதவருக்கு வால்வு தெரிந்தது. அப்போது அது எனக்கு வலித்தது. இப்போது அந்த நாள் திரும்பி வந்தால் போதும் என்றிருக்கிறது.

பங்குனியில் எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தது. மூன்று நாள் நான் 8.20க்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். உதவிக்கு வரும் அம்மாள் எட்டு மணிக்கு வரச் சம்மதித்தார். ஆனால் ஒன்பது மணிக் கையெழுத்தை அவர் போட முடியாது.

முந்தின நாள் மாலை நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் தனி நிலையத்தில் எதுவும் கெடாது, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஒன்பது மணி எண்கள் பல வாரங்களாக ஒரே எண்கள்தான். புதிய பக்கத்தில் தலைப்பு எழுதினேன். பதினொரு வரியை அப்பாவுக்காக விட்டேன். பன்னிரண்டாவது வரியில் 9.00 என்று எழுதி, மூன்று எண்களையும் நிரப்பி, ஏற்றவர் கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் இந்த வரியைச் சுட்டிக்காட்டினால் போதும். நூலகத்தில் நான் வேலையை இப்படித்தான் முன்கூட்டியே முடித்து வைப்பேன். இதற்காக என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள். பேனாவை மூடும்போது எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

மறுநாள் 6.15, 6.30, 6.45 ரீடிங்குகளை அப்பா எழுதினார். நான் குளிக்கப் போனேன். தலைக்கு ஊற்றிக்கொண்டதால் கொஞ்சம் நேரமாயிற்று. வெளியே வந்தபோது 7.10. நாற்காலி காலியாக இருந்தது. வாசற்கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. கேரியரையும் எடுத்துப் போயிருந்தார்.

ஈரத் தலையோடு தெருவில் ஓடினேன். ராஜகோபுரம் ஸ்டாப்பில் பூக்கட்டும் பெண், "சட்டையை இன் பண்ணின பெரியவருங்களா? ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஏறினாருக்கா. டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போறேன்னு சொன்னாரு" என்றாள். நான் ஆட்டோ பிடித்துக் காவிரிப் பாலத்தில் போகும்போது போன் வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் நிற்பதற்குள் படியில் கால் வைத்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

தில்லை நகர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பிற்பகல் ஒன்றரைக்கு முடிந்தது. அவருடைய துணிகளை எடுக்க மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மடிக்கணினி திறந்தபடி இருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நோட்டு. மூன்று வரி நிரம்பியிருந்தது, எட்டு வரி காலி. பன்னிரண்டாவது வரியில், என் கையெழுத்துக்கு இடப்பக்கம், ஒப்படைத்தவர் கட்டத்தில் அவர் கையெழுத்து. மேசைக் கடிகாரத்தைப் பார்த்து 6.58 என்று ஓரத்தில் சின்னதாகக் குறித்திருந்தார். அவர் எதையும் மீறவில்லை. ஒன்பது மணி ரீடிங் எழுதியிருந்தது, ரிலீவர் கையெழுத்துப் போட்டிருந்தார், அவர் ஒப்படைத்தார், எழுந்தார். குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போக யாரும் இல்லாததால் தானே பஸ் ஏறியிருக்கிறார்.

திரையைப் பார்த்தேன். நான் முந்தின நாள் எழுதி வைத்திருந்த மூன்று எண்களும் அப்படியே அங்கே நின்றன. ஒன்றுகூட மாறவில்லை.

மகள் அன்று மாலையே கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். நோட்டைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "நீ வேணும்னு செய்யலைம்மா" என்றாள்.

"பாக்காம எழுதினேன்."

"ஒரு கேம்மா அது."

"அவருக்கு இல்லையே."

அவள் எழுந்தாள். பரணில் ஏறிப் பூட்டைத் தேடினாள். எதற்கு என்று கேட்டேன். தெரியலை என்று அழுதாள்.

அப்பா மறுபடி நடக்கவில்லை. அவரைத் தூக்க, புரட்ட, சுத்தம் செய்ய இரண்டு பேர் எந்நேரமும் வேண்டியிருந்தது. நாற்பது நாள் வீட்டில் வைத்துப் பார்த்தேன். முதுகில் புண் வந்தது. சித்திரை முடிவதற்குள் திருவானைக்காவல் இல்லத்தில் சேர்த்தேன். சேர்க்கும் படிவத்தில் பொறுப்பாளர் கையொப்பம் என்ற இடத்துக்கு வந்தபோது என் கை நின்றது. அலுவலகத்தில் இருந்தவர், "பேனா எழுதலீங்களா?" என்று வேறு பேனா கொடுத்தார்.

மூன்றாம் நாள் இல்லத்திலிருந்து செவிலியர் பேசினார். "அம்மா, தாத்தா கண்ணே மூட மாட்டேங்கறாரு. பகல்லயும் இல்ல, ராத்திரியும் இல்ல. ரிலீவர் வந்தாச்சா, ரிலீவர் வந்தாச்சான்னு எல்லார்கிட்டயும் கேக்கறாரு. வந்தாச்சு தாத்தா, தூங்குங்கன்னேன். கையெழுத்து எங்கன்னு கேக்கறாரு. நான் ஒரு பேப்பர்ல போட்டுக் காமிச்சேன், நீ ஹெல்பரும்மான்னு சொல்லிட்டாரு. அப்படின்னா என்னங்கம்மா?"

மடிக்கணினியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் மேசையில் வைத்து ஜெனரேட்டரை ஓட்டினேன். அப்பா திரையைப் பார்த்தார். அது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. சூடான சுற்றைக் காட்டி எவ்வளவுப்பா என்றேன். எண்ணை வாசிக்க அவரால் முடியவில்லை. மின் அளவைக் காட்டினேன். கூரையைப் பார்த்தார். மூடி வைத்தேன். அதன்பின் மடிக்கணினியை எடுத்துப் போவதில்லை.

நோட்டை மட்டும் அவர் மறக்கவில்லை. அதை நெஞ்சின் மேல் வைத்ததும் விரல் கட்டங்களின் மேல் ஊர்ந்து ஏற்றவர் கட்டத்துக்குப் போகிறது. அங்கே நான் கையெழுத்திட வேண்டும். அவர் அதைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்ப்பார். "பாத்து எழுதினதா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். கையெழுத்திட அவருக்குக் கை வராது, கட்டைவிரலை ஒப்படைத்தவர் கட்டத்தில் ஒரு தடவை அழுத்துவார். பிறகு தூங்கிவிடுவார். மாத்திரையில் வராத தூக்கம் இதில் வருகிறது. செவிலியர்கள் மாலையில் என்னை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறார்கள்.

கல்லூரி முடிந்து இல்லத்துக்குப் போய்ச் சேர 5.40 ஆகிறது. கையெழுத்து 5.50. அவர் தூங்க ஆறு, ஆறேகால். அந்த நோட்டில் இப்போது வெப்பமும் இல்லை, மின் அளவும் இல்லை. நேரம் மட்டும் சரியாக எழுதுகிறேன்.

கையெழுத்திட்டவர் அங்கேயே உட்கார வேண்டும். தன் ரிலீவர் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. அப்பா புயலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். நான் அவர் மூச்சு சீராகும்வரை பார்க்கிறேன். நோட்டைத் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். 6.35க்குத் திருவானைக்காவல் ஸ்டாப்பில் பஸ் வருகிறது. ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.